கையில் இருக்கும் பின்னல்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், "இப்போது உங்கள் கையில் என்ன பின்னல் ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கே நிற்கிறது?" என்று கேட்டிருந்தேன். ஸ்வெட்டர், சால்வை, மஃப்ளர், மேஜை விரிப்பு, குழந்தைப் போர்வை என்று பலவும் வந்திருக்கின்றன. அவற்றில் பதில் தேவைப்பட்டவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கே: எங்கள் பின்னல் குழுவில் எல்லோரும் முடித்த வேலையைத்தான் கொண்டுவந்து காட்டுகிறார்கள். என் சால்வை பாதியில் நிற்கிறது. காட்டக் கூச்சமாக இருக்கிறது. முடித்த பிறகே கொண்டுபோகட்டுமா?

ப: வேண்டாம், இந்த வாரமே கொண்டுபோங்கள். முடிந்த சால்வையைப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்பதற்கு மேல் யாரால் என்ன சொல்ல முடியும்? ஊசியில் இருக்கும்போது காட்டினால்தான், "ஓரம் இழுத்துக்கொண்டு நிற்கிறதே, முதல் கண்ணியைக் கொஞ்சம் தளர்த்திப் போடுங்கள்" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். சொன்னதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளவும் அப்போது நேரம் இருக்கும்.

காட்டும்போது நூலின் லேபிளையும் சேர்த்துக் காட்டுங்கள். எத்தனை கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்), எத்தனையாவது வரிசை, எந்த இடத்தில் மனம் தயங்குகிறது என்பதையும் சொல்லுங்கள். ஊசியின் அளவை மட்டும் மில்லிமீட்டரில் சொல்வதுதான் நல்லது. "எட்டாம் நம்பர்" என்றால் அமெரிக்கக் கணக்கில் 5 மி.மீ., பழைய பிரிட்டிஷ் கணக்கில் 4 மி.மீ. இதை நம்பி ஒருவர் நூல் வாங்கிவிட்டால் பாவம்.

இன்னொன்று. நாலு பேர் கை மாறும்போது நிட்டிங் ஊசியில் உள்ள அத்தனை கண்ணிகளும் கழன்றுவிடக்கூடியவை. ஊசி முனையில் ஒரு ரப்பர் பேண்டை நன்றாகச் சுற்றிக் கொடுங்கள். ஒரே ஒரு கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா என்றால் கவலையே இல்லை. அதில் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி, அதில் ஒரு ஊக்கை மாட்டினால் போதும்.

கே: எங்களைக் கேட்கிறீர்களே, நீங்கள் இப்போது என்ன பின்னுகிறீர்கள்?

ப: சாம்பல் நிறக் கம்பளி நூலில் ஒரு கார்டிகன், அதாவது முன்பக்கம் திறந்து பொத்தான் போடும் ஸ்வெட்டர். 4.5 மி.மீ. வட்ட ஊசி, கீழிருந்து மேலாகப் பின்னுகிறேன். உடல் பகுதி அக்குள் வரை வந்துவிட்டது. அதை ஒரு தனி நூலில் கோத்து நிறுத்தி வைத்துவிட்டு, கார்டிகனின் இரண்டு கைகளையும் ஒரே ஊசியில், கைக்கொரு நூலுருண்டை வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் பின்னுகிறேன். ஒரு கையில் கண்ணி கூட்டினால் அதே வரிசையில் அடுத்த கையிலும் கூட்டிவிடலாம். இரண்டும் ஒரே நீளத்தில், ஒரே நாளில் முடியும். வேகம் குறைவுதான். ஆனால் ஒரு கையை முடித்துவிட்டு இன்னொன்றைத் தொடங்க மனமில்லாமல் ஸ்வெட்டரையே மூட்டை கட்டி வைத்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தொடங்கும் முன், அளவு பார்க்க ஒரு மாதிரிச் சதுரம் பின்னினேன். ஊசியிலிருந்து எடுத்த கையோடு அளந்தபோது 10 செ.மீ.க்கு 19 கண்ணி. நனைத்து, விரித்துக் காயவைத்த பிறகு 18. ஒரு கண்ணிதானே என்று தோன்றும். உடலுக்கு 198 கண்ணி போட்டிருக்கிறேன். 19 என்று கணக்குப் போட்டால் சுற்றளவு 104 செ.மீ., 18 என்றால் 110. துவைத்த பிறகு போட்டுக்கொள்ளப்போகும் உடுப்புக்கு, துவைத்த சதுரத்தைத்தான் அளக்க வேண்டும்.

இப்போது யோசனையில் இருப்பது பொத்தான் பட்டி. ஓரத்தில் 4 வரிசைக்கு 3 கண்ணி என்று எடுத்துப் பின்னப் போகிறேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் எடுத்து வைத்திருக்கும் மரப் பொத்தான்கள் கனமானவை. பட்டி தொங்கிவிடாமல் உள்பக்கம் ரிப்பன் வைத்துத் தைத்தவர்கள் இருந்தால், அது சில துவைப்புக்குப் பிறகும் சுருங்காமல் நிற்கிறதா என்று எழுதுங்கள்.

கே: குரோஷாவில் வட்ட மேஜை விரிப்பு போடுகிறேன். பேட்டர்னில் உள்ளபடி 6 டபுள் குரோஷே போட்டுத் தொடங்கி, சுற்றுக்கு 6 கூட்டிக்கொண்டே வருகிறேன். ஐந்தாவது சுற்றிலேயே கிண்ணம் போலக் குழிந்துவிட்டது. என் கை இறுக்கமா?

ப: உங்கள் கை மேல் குற்றமில்லை. நீங்கள் வைத்திருப்பது பிரிட்டிஷ் பேட்டர்ன் என்று நினைக்கிறேன். பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்பது ஊசியில் நூலைச் சுற்றாமல் போடும் குட்டைப் பின்னல். அமெரிக்கர்கள் அதை சிங்கிள் குரோஷே என்பார்கள். அமெரிக்க டபுள் குரோஷே என்பது ஊசியில் ஒரு முறை நூலைச் சுற்றிக்கொண்டு போடும் உயரமான பின்னல். பேட்டர்ன் குட்டையைக் கேட்டிருக்கிறது, நீங்கள் உயரமானதைப் போட்டிருக்கிறீர்கள். எந்த ஊர் பேட்டர்ன் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: அதில் எங்காவது 'சிங்கிள் குரோஷே' என்று வந்தால் அது அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது.

அப்புறம், ஏன் 6 என்று தெரிந்துவிட்டால் எந்த வட்டத்தையும் நீங்களே சரிசெய்யலாம். வட்டத்தின் ஆரம் எவ்வளவு கூடுகிறதோ அதைப்போல 6.28 மடங்கு சுற்றளவு கூட வேண்டும். குட்டைப் பின்னலுக்கு உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே ஒரு சுற்று ஏறினால் சுமார் 6 கண்ணி அகலம் கூட வேண்டும்: 6, 12, 18, 24. உயரமான பின்னலுக்கு உயரம் ஏறக்குறைய இரட்டிப்பு. அதனால் 12, 24, 36. நீங்கள் தேவையானதில் பாதியைத்தான் கூட்டியிருக்கிறீர்கள். ஓரத்துக்கு இடம் போதாமல் விரிப்பு உள்ளே மடங்கிவிட்டது. பிரித்துவிட்டு 12-இல் தொடங்குங்கள், தட்டையாக வரும்.

தேவைக்கு மேல் கூட்டினால் ஓரம் கொசுவம் வைத்தாற்போல அலை அலையாக எழும். இதையே வேண்டுமென்று செய்தவர் கார்னெல் பல்கலைக்கழகக் கணித அறிஞர் டைனா டைமினா. 1997-இல், ஒவ்வொரு வரிசையிலும் ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போய், அதிபரவளையத் தளம் என்ற, ஓரம் அலையலையாக விரிந்துகொண்டே போகும் வடிவத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும்படி செய்தார். காகித மாதிரிகள் சீக்கிரம் கிழிந்துவிடும், நூலுக்கு அந்தத் தொல்லை இல்லை. முதலில் அவர் நிட்டிங்கில்தான் செய்து பார்த்திருக்கிறார். கண்ணிகள் பெருகப் பெருக ஊசி கொள்ளாது என்பதால் குரோஷாவுக்கு மாறினார். பின்னர் மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் இந்த உத்தியைக் கொண்டு 2005-இல் பவளப்பாறைகளையே குரோஷாவில் போடத் தொடங்கினார்கள். உங்கள் கையில் குழிந்து நிற்கும் விரிப்பும் அதே கணக்கில்தான் நடந்துகொள்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வேலை மேல் மதிப்பு கூடுகிறது.

கே: நூல் தீர்ந்து புது உருண்டை வாங்கினேன். அதே பிராண்ட், அதே நிற எண். ஆனாலும் நிறம் லேசாக மாறித் தெரிகிறது.

ப: லேபிளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் சாயத் தொகுதி எண் என்று ஒன்று தனியாக இருக்கும், ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கான எண் அது. அது வேறாக இருந்தால் சாயம் சற்றே மாறும். பழைய உருண்டையில் கொஞ்சம் மீதி இருக்கும்போதே, பழையதில் 2 வரிசை, புதியதில் 2 வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். கோடு தெரியாது.

கே: ஒரு வரிசை நிட் (நேர்க் கண்ணி), ஒரு வரிசை பர்ல் (மறுபுறக் கண்ணி) என்று மஃப்ளர் பின்னுகிறேன். இரண்டு பக்கமும் சுருண்டுகொள்கிறது. அயர்ன் செய்தால் சரியாகுமா?

ப: ஆகாது. அந்தப் பின்னலின் குணமே சுருள்வதுதான். நனைத்து விரித்தால் சில நாள் அடங்கும், பிறகு பழையபடி சுருளும். ஓரத்தில் நாலு கண்ணிக்கு பார்டர் வைத்தாலும், குறுகலான மஃப்ளரில் பார்டரோடு சேர்ந்து மடங்கும். ஒரு சாண்தான் வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிரித்துவிடுங்கள். ஒரே வரிசையில் 2 நிட், 2 பர்ல் என்று மாற்றி மாற்றி ரிப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும், சுருளாது.

கே: பச்சிளங்குழந்தைக்குப் போர்வை போடுகிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

ப: பெரிய ஓட்டைகள் உள்ள டிசைன் வேண்டாம், குழந்தையின் விரல் மாட்டும். குஞ்சம், பொத்தான், மணி எதுவும் வைக்காதீர்கள். நூல் முனைகளை ஒரு பக்கமாக இழுத்து விட்டுவிடாமல், திசையை மாற்றி மாற்றி உள்ளே ஓட்டுங்கள். மெஷினில் துவைக்கக்கூடிய பருத்தியோ அக்ரிலிக்கோ நல்லது. அக்ரிலிக் என்றால் அதன்மேல் சூடான அயர்னை வைக்கக் கூடாது என்று பெற்றோரிடமும் சொல்லிக் கொடுங்கள். சூடு பட்டால் நூல் துவண்டு போகும், திரும்ப வராது.