ஜப்பானிய அலுவலகத்தில் யார் மூத்தவர்? கேள்வி பதில்

கேள்வி: ஏப்ரலில் ஒசாகாவில் வேலைக்குச் சேர்கிறேன். என்னைவிட நாலு வயது சின்னவர் எனக்கு 'சென்பாய்', அதாவது சீனியர், ஆவாராமே?

பதில்: ஆமாம், அவர் முன்னால் சேர்ந்திருந்தால் அவர் சென்பாய், நீங்கள் 'கோஹாய்', அதாவது ஜூனியர். வயதைவிட உள்ளே வந்த வருடத்துக்குத்தான் மதிப்பு அதிகம். அதற்காக அவரை 'சென்பாய்' என்றே கூப்பிட வேண்டியதில்லை, அது பள்ளி, கல்லூரி கிளப்புகளில்தான் அதிகம், அலுவலகத்தில் குடும்பப் பெயரோடு 'சான்' என்ற மரியாதைச் சொல் சேர்த்தால் போதும். உங்களோடு அதே ஏப்ரலில் சேர்பவர்கள் 'டோக்கி', ஒரே செட். மனம்விட்டுப் பேச அவர்கள்தான் கிடைப்பார்கள், அந்த நட்பை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வெளியாட்களிடம் சொந்த மேலாளரையே 'சான்' இல்லாமல் சொல்கிறார்களே, ஏன்?

பதில்: நம் ஆட்கள் பலர் தடுமாறும் இடம் இதுதான். நான் சேர்ந்த புதிதில் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தபோது, மேலாளரைப் பற்றி "தனகா சான் வெளியே போயிருக்கிறார்" என்று மரியாதையாகத்தான் சொன்னேன், போனை வைத்ததும் பக்கத்து சீட்டுக்காரர் வெறும் "தனகா" என்று சொல்லியிருக்க வேண்டும் என்று திருத்தினார். தமிழில் மேலாளரைப் பற்றி யாரிடம் பேசினாலும் 'அவர்'தான். ஜப்பானியத்தில் கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து அது மாறும். 'உச்சி' நம் வட்டம், 'சோதோ' அதற்கு வெளியே. வெளியாள் முன்னால் நம் வட்டத்தில் தலைவர் உட்பட எல்லோரையும் தாழ்த்தித்தான் பேச வேண்டும். வீட்டிலும் அப்படித்தான்: வெளியே பேசும்போது தன் அம்மா 'ஹஹா', அடுத்தவர் அம்மா 'ஒகாசான்'.

கேள்வி: மீட்டிங்கில் எங்கே உட்காருவது?

பதில்: கதவுக்குப் பக்கத்தில். கதவிலிருந்து தள்ளி இருப்பது 'கமிசா', விருந்தினருக்கும் பெரியவர்களுக்கும் உரியது. டாக்சியில் ஓட்டுநருக்குப் பின் சீட் அவர்களுக்கு, முன் சீட் உங்களுக்கு.

கேள்வி: இதுவும் சாதி மாதிரிதானா?

பதில்: இல்லை. இந்தியாவிலும் களப்பணி செய்த மானுடவியலாளர் நகனே சியே 1967-இல் எழுதியதுபோல, ஜப்பானில் ஒருவர் என்ன பிறப்பு, என்ன தொழில் என்பதைவிட எந்த இடத்தைச் சேர்ந்தவர் என்பதே முக்கியம், அந்த இடத்துக்குள்தான் மேல் கீழ் வரிசை. ஆனால் பிறப்பைப் பார்த்து ஒதுக்குவதே அங்கே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோல், இறைச்சி வேலை செய்த புராகு மக்களை அப்படித்தான் ஒதுக்கினார்கள். 1871-இல் அரசாணை வந்தும் கல்யாணத்துக்குப் பூர்வீகம் விசாரிப்பது நிற்கவில்லை, 2016-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

கேள்வி: சீனியர் திட்டினால் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: வேலையில் தப்பு சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். ஆளையே அவமானப்படுத்தினால் அது 'பவஹரா', அதைத் தடுப்பது 2020 ஜூனிலிருந்து பெரிய நிறுவனங்களுக்கும் 2022 ஏப்ரலிலிருந்து சிறிய நிறுவனங்களுக்கும் சட்டப்படி கடமை. என்றைக்கு, யார் முன்னால், என்ன வார்த்தை என்று அன்றன்றே எழுதி வையுங்கள், அப்புறம் நிறுவனத்தின் புகார் பிரிவிடமோ அரசுத் தொழிலாளர் அலுவலகத்திடமோ போங்கள்.