கோல்ஃப் மட்டையின் எடை குறைந்த எஃகு ஷாஃப்ட் முறிந்தால்: முதலில் முறிந்த முனையைப் படியுங்கள்

வாசகர் கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறேன். வயது 54. வார இறுதியில் செட்டிப்பாளையம் போய் கோல்ஃப் ஆடுவேன். மற்ற நாட்களில் கம்பெனி மொட்டை மாடியில் வலை கட்டி, பாய் விரித்து, காலையில் நூறு பந்து அடிப்பேன். பெரும்பாலும் 7-ஆம் நம்பர் அயர்னில் (உலோகத் தலை மட்டை). தோள் வலிக்காக மூன்று வருடங்களுக்கு முன் 130 கிராம் ஷாஃப்ட்டை (மட்டையின் தண்டு) விட்டுவிட்டு 95 கிராம் எஃகு ஷாஃப்ட் போட்ட செட்டுக்கு மாறினேன். போன மாதம் 7-ஆம் நம்பர் கழுத்துக்கு (தலையில் ஷாஃப்ட் செருகியிருக்கும் இடம்) சற்று மேலே முறிந்து, தலை பறந்து வலையில் விழுந்தது. 8-ஆம் நம்பர் நடுவில் லேசாக வளைந்திருக்கிறது. 'லைட் ஸ்டீல் என்றாலே இப்படித்தான்' என்கிறார் உடன் ஆடுபவர். லேத் பட்டறையில் உள்ளே கம்பி கொடுத்து ஆர்கான் வெல்டிங் செய்து, மேலே குரோம் பூசியும் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா? பழைய எடைக்கே திரும்ப வேண்டுமா? வரும் ஞாயிறு மற்ற மட்டைகளோடு ஆடலாமா?

பதில்: வெல்டிங் யோசனையை இன்றே கைவிட்டுவிடுங்கள். எஃகுக் குழாயை இழுத்து, படிப்படியாக விட்டம் குறைத்து, சூடேற்றிப் பதப்படுத்திய பிறகுதான் ஷாஃப்ட்டுக்கு வளைந்து மீளும் குணம் வருகிறது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் கெட்டுவிடும். உள்ளே கொடுக்கும் கம்பி எந்த இடத்தில் முடிகிறதோ அந்த இடத்தில் விறைப்பு சட்டென்று மாறும். அடுத்த முறிவு அங்கேதான் வரும். 7-ஆம் நம்பர் தலையின் எடை சுமார் 270 கிராம். சாதாரண ஆட்டக்காரர் வீசும்போதே அது மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. இந்த முறை வலை தடுத்தது. மைதானத்தில் அந்த இடத்தில் உங்கள் பையைத் தூக்கி வரும் கேடி நின்றுகொண்டிருப்பார். நம் ஊர்ப் பட்டறைக்காரர்களின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தேய்ந்த பம்ப் ஷாஃப்ட்டுக்கு அவர்கள் மறுபடி உயிர் கொடுப்பார்கள். ஆனால் அது கெட்டியான தண்டு. உங்களுடையது உள்ளீடற்ற குழாய். அதன் சுவர் ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையின் கனம்கூட வராது.

கனத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஷாஃப்ட்டின் வெளிவிட்டம் பிடிப் பக்கம் சுமார் 15 மில்லிமீட்டர், தலைப் பக்கம் சுமார் 9. நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். எஃகின் அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டால், 130 கிராம் ஷாஃப்ட்டின் சுவர் சராசரியாக 0.44 மில்லிமீட்டர் வருகிறது. 95 கிராமுக்கு 0.32. தகடு வாங்கிப் பழகியவர்கள் கேஜில் நினைத்துக்கொள்ளலாம்: 26 கேஜுக்குப் பக்கத்தில் இருந்தது 30 கேஜுக்கு நெருங்கிவிடுகிறது. வெளிவிட்டத்தைப் பெரிதாக மாற்ற முடியாது, ஏனென்றால் தலையின் துளையும் கையின் பிடியும் ஏற்கெனவே அளவு குறித்துவிட்டவை. ஆகவே எடையைக் குறைக்க ஒரே வழி சுவரைச் சீவுவதுதான்.

அதனால் நேர்வது இரண்டு. ஒரே அளவு வளைவு விசைக்குச் சுவரில் ஏறும் தகைவு (ஸ்ட்ரெஸ்) மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. பக்கவாட்டில் இடி பட்டால் நசுங்காமல் தாங்கும் சக்தி அதைவிட வேகமாகக் குறைகிறது. அது ஏறக்குறைய கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் பாதியாகிவிடுகிறது. உங்கள் நண்பர் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு.

ஆனால் தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியும். அவர்கள் உறுதி கூடிய எஃகு எடுப்பார்கள். சுவரை எங்கும் ஒரே அளவாக மெலிய வைக்காமல், பொதுவாகத் தலைப் பக்கம் தடிமனை விட்டு, நடுப்பகுதியில்தான் எடையைக் கழிப்பார்கள். அப்படியானால் எடைக் குறைப்பின் உண்மையான பலவீனம் நடுவில் தெரிய வேண்டும். உங்கள் 8-ஆம் நம்பர் வளைந்திருப்பது அந்த இடத்தில்தான். 7-ஆம் நம்பர் முறிந்ததோ கழுத்துக்கு மேலே, சுவர் தடித்த இடத்தில். அந்த முறிவுக்கு மெலிவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. வேறு ஏதோ ஒன்று கைகொடுத்திருக்கிறது. கனமான ஷாஃப்ட் பொறுத்துக்கொள்ளும் கீறலையும் துருவையும் மெல்லிய ஷாஃப்ட் பொறுக்காது. எந்தக் கீறல், எந்தத் துரு என்று கண்டுபிடிக்காமல் எடையை மட்டும் மாற்றினால், கனமான ஷாஃப்ட்டும் சில வருடங்கள் தள்ளி அதே இடத்தில் முறியும்.

முறிந்த இரண்டு துண்டுகளையும் எடுங்கள். துடைக்காதீர்கள், எண்ணெய் போடாதீர்கள், இரண்டையும் ஒட்ட வைத்துப் பார்க்காதீர்கள். நல்ல வெயில் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்து முனையைப் பாருங்கள்.

வட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் வழவழப்பான பகுதியும், மீதியில் சொரசொரப்பாகப் பளபளக்கும் பகுதியும் தெரிந்தால் அது ஃபட்டீக் முறிவு. சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்கி ஒரு சிறு விரிசலை வளர்த்திருக்கிறது. கடைசி அடியில் மீதி கிழிந்தது. வழவழப்பான பகுதி பழுப்பேறியிருந்தால், முறிவதற்கு வெகுநாள் முன்பே விரிசல் விழுந்து அதில் ஈரம் இறங்கியிருக்கிறது என்று பொருள். வட்டம் நசுங்கி நீள்வட்டமாகியிருந்தால் ஒரே அடியில் வந்த முறிவு: புதைந்த கல், மரவேர், கார் டிக்கிக் கதவு. முறிவு அறுத்தது போலச் சுற்றிலும் நேர்க்கோட்டில் போனால், அந்தக் கோட்டில் முன்பே ஒரு கீறல் இருந்திருக்கிறது. குழாயின் உள்விளிம்பு முழுக்கச் செம்பழுப்பாக இருந்தால் துரு உள்ளிருந்து தின்றிருக்கிறது.

இந்தக் கடைசிக் காரணத்தைப் பலர் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. ஷாஃப்ட்டின் வெளிப்புறத்துக்கு நிக்கலும் குரோமும் காப்பு. உட்புறம் பெரும்பாலும் வெறும் எஃகு. பிடியின் மேல் முனையில் இருக்கும் சிறு துளை வழியாக மழைநீர் இறங்கும். ஐப்பசி அடைமழையில் ஆடிவிட்டு, அல்லது உதகைக்குப் போய்ச் சாரலில் ஆடிவிட்டு, நனைந்த பையை அப்படியே டிக்கியில் பூட்டி வைத்தால் ஈரம் வெளியேற வழியில்லை. வெளியே கழுத்துக்கு மேல் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் வளையத்தின் அடியிலும் தண்ணீர் தங்கும். எல்லா இடத்துக்கும் சிறுவாணித் தண்ணீர் வருவதில்லை. உப்பேறிய போர் தண்ணீரில் தலைகளைக் கழுவி நிறுத்தினால் அந்த உப்பு வளையத்துக்குள் குடியிருக்கும். காய்ந்த சூழலில் எஃகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள தகைவை எத்தனை முறை ஏற்றினாலும் அது களைப்பதில்லை. துருக் குழியும் ஈரமும் சேர்ந்துவிட்டால் அந்த எல்லையே இல்லாமல் போகிறது. 95 கிராம் ஷாஃப்ட் ஏற்கெனவே எல்லைக்கு அருகில் வேலை செய்கிறது என்பதால் துருவின் விளைவு அதில் முதலில் தெரிகிறது.

கீறல் பெரும்பாலும் தலையை ஷாஃப்ட்டில் பூட்டும்போது விழுவது. பசை பிடிக்க வேண்டும் என்று தலைக்குள் போகும் பகுதியின் குரோமைத் தேய்த்து எடுப்பார்கள், அது சரி. தேய்ப்பு கழுத்துக்கு மேலேயும் ஏறிவிட்டால், தேய்க்கும் பெல்ட் போட்ட கோடுகள் வளையத்துக்குள் மறைந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய வளையத்தைக் கத்தியால் சுற்றி வெட்டி எடுப்பதும் இதே தீங்கைச் செய்யும். கழுத்துத் துளையின் மேல் விளிம்பு கூராக இருந்தால் அதுவும் ஷாஃப்ட்டை ஒவ்வொரு அடிக்கும் கடிக்கும். அந்த விளிம்பைக் கொஞ்சம் சரித்துவிட வேண்டும். துளை அளவும் பாருங்கள். கூம்பு முனை ஷாஃப்ட் 0.355 அங்குலம், நேர் முனை 0.370. பெரிய துளையில் சிறிய முனையைப் பசையை மட்டும் நம்பிப் பொருத்தியிருந்தால், அது ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று, எடை குறைந்த ஷாஃப்ட்டுக்கே உரியது. ஷாஃப்ட்டில் 9 கிராம் குறைந்தால் ஸ்விங் வெயிட் (வீசும்போது தலை கைக்கு எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு) ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும். 35 கிராம் குறைத்தால் நான்கு புள்ளி இறங்கி, தலை இருப்பதே கைக்குத் தெரியாது. அதைச் சரிசெய்யச் சிலர் முனைக்குள் 7, 8 கிராம் பித்தளை ஊசியைச் செருகுவார்கள். அந்த ஊசி கழுத்தின் ஆழத்தைத் தாண்டி மேலே நீண்டிருந்தால், மெல்லிய சுவர் அதன் மேல் முனையில் மோதி மோதி வளையும். தலையில் மிஞ்சிய அடித்துண்டைப் பாருங்கள். உள்ளே பித்தளை தெரிந்து, அதன் முனையும் முறிவும் ஒரே மட்டத்தில் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அது பூட்டியவரின் பிழை. இரண்டு துண்டுகளையும் படம் எடுத்து, விற்றவரிடம் தைரியமாக மாற்றுக் கேளுங்கள்.

இப்போது உங்கள் மொட்டை மாடி. எனக்கு அதிகக் கவலை அதில்தான். நாளுக்கு நூறு பந்து, வருடத்துக்கு 250 நாள் என்று வைத்தால் 25,000 அடி. அதில் பெரும்பகுதி ஒரே மட்டையில். புல்தரையில் தலை மண்ணைச் சீவிக்கொண்டு போகும். பாய்க்கு அடியில் கான்கிரீட் இருந்தால் தலை இறங்க இடமில்லாமல் அதிர்வு முழுவதும் கழுத்துக்கு ஏறுகிறது. முறிந்தது 7-ஆம் நம்பராக இருப்பது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். உங்கள் தோளுக்கும் இந்த அதிர்வு நல்லதில்லை. பாய்க்கு அடியில் தடித்த ரப்பர் ஷீட் போடுங்கள், அடிக்கும் இடத்தில் இழை நீண்ட பாயாக மாற்றுங்கள், பந்துகளை 6 முதல் 9 வரை பகிர்ந்து அடியுங்கள்.

8-ஆம் நம்பரை நிமிர்த்த முயல வேண்டாம். மெல்லிய குழாய் ஒருமுறை மடங்கினால் அந்த இடத்தில் வட்டம் கெட்டுவிடும். நிமிர்த்தினால் பார்வைக்கு நேராகும், வலு திரும்பாது. பையில் தலைகள் ஷாஃப்ட்டுகளை இடிப்பது, ஊன்றிக்கொண்டு நிற்பது, சாமான்களோடு டிக்கியில் திணிப்பது ஆகியவைதான் நடுவில் வளைவதற்கு வழக்கமான காரணங்கள். ஒவ்வொரு மட்டைக்கும் தனி அறை உள்ள பை வாங்குங்கள்.

குரோம் பூசும் யோசனைக்கும் இல்லை என்பதே பதில். பதமேறிய எஃகை அமிலத்தில் சுத்தம் செய்து மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே ஊடுருவி அதை நொறுங்கச் செய்யும். ஹை டென்சைல் போல்ட்டுக்கு முலாம் பூசுகிறவர்கள், பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்காகச் சுட்டு எடுப்பது இதற்காகத்தான். பைக் சைலன்சருக்குக் குரோம் பூசும் இடத்தில் அந்த வேலை நடக்காது. துரு பிடித்த ஷாஃப்ட் பளபளப்பாகத் திரும்பி வரும். எப்போது முறியும் என்று சொல்ல முடியாது.

பழைய எடைக்குத் திரும்ப வேண்டுமா? 54 வயதில், வலிக்கும் தோளோடு, வேண்டாம். முறிவில் துருவோ கீறலோ ஊசியோ காரணம் என்று தெரிந்தால் அதே 95 கிராமையே மறுபடி போட்டு, இந்த முறை ஒழுங்காகப் பூட்டச் சொல்லுங்கள். எதுவும் தெரியாமல் சுத்தமான ஃபட்டீக் பிறை மட்டும் தெரிந்தால் 105 கிராம் வகைக்கு ஏறுவது நல்லது. 130 கிராமுக்குப் பெயர் போன ட்ரூ டெம்பர் டைனமிக் கோல்டிலேயே 105, 120 என்று இடைப்பட்ட எடைகள் வருகின்றன. ஆனால் செட்டில் ஒன்றுக்கு மட்டும் எடையை மாற்றாதீர்கள், கை குழம்பும். கார்பன் ஷாஃப்ட் துருப்பிடிக்காது, அதிர்வும் குறைவு. செலவு தடையில்லை என்றால் உங்கள் தோளுக்கு அது இன்னும் பொருத்தம். பூட்டுவதற்கு ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சியை ஏற்காதீர்கள். ஷாஃப்ட்டுக்கென்றே உள்ள வலுவான வகையைப் போட்டு, குறைந்தது ஒரு நாள் அசைக்காமல் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை பிடி மாற்றும்போது, பழைய பிடியைக் கழற்றியதும் டார்ச் அடித்துக் குழாயின் உள்ளே பாருங்கள். தலைகீழாகத் தட்டினால் சிவப்புத் தூள் கொட்டுகிறதா என்றும் பாருங்கள்.

வரும் ஞாயிறு ஆடுங்கள். பையில் 14 மட்டை என்பது மேல்வரம்பு மட்டும்தான், குறைவாக எடுத்துப் போனால் எந்தத் தண்டனையும் இல்லை. 8-ஆம் நம்பரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்; ஷாஃப்ட் நேராக இருக்க வேண்டும் என்பது விதி. மற்ற அயர்ன்களில் கறுப்பு வளையத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்துக்கு நகத்தால் சுற்றித் தடவுங்கள். நகம் மாட்டுகிற இடமோ, குரோம் கொப்பளித்த இடமோ தட்டுப்பட்டால், வளையத்தைக் கழற்றிப் பார்க்கும்வரை அந்த மட்டையையும் எடுத்துப் போக வேண்டாம்.