ட்ரீம் தியேட்டரின் 'எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்' 23 நிமிடம் ஓடுகிறது. இதை முழுசாக உட்கார்ந்து கேட்பவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா, இல்லை எல்லாம் சும்மா பந்தாவா?

இருக்கிறோம். நிறையப் பேர் இல்லை, ஆனால் இருக்கிறோம்.

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த விவரத்தையும் படித்தேன். நண்பர் லிங்க் அனுப்பியிருக்கிறார், நாலு நிமிடம் ஆகப்போகிறது, இன்னும் ஆள் வாயைத் திறக்கவில்லை, மூடிவிட்டீர்கள். அநேகமாக ராத்திரி சாப்பிட்டு முடித்து, போன் ஸ்பீக்கரில், வாட்ஸப்பில் வந்ததையெல்லாம் தள்ளிக்கொண்டே கேட்டிருப்பீர்கள். அதில் தப்பே இல்லை, அப்படிக் கேட்டால் யாராக இருந்தாலும் மூடத்தான் செய்வார்கள். ஆனால் 'பந்தா' என்று ஒரு வார்த்தை போட்டீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இந்த நேரத்தில் உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருக்கிறேன். இந்தப் பாட்டைக் கல்லூரி மேடையில் வாசிக்கப் போய்ப் பட்ட பாடு எனக்குத் தெரியும். பந்தா பண்ண வேண்டுமென்றால் இதைவிடச் சுலபமான வழிகள் எவ்வளவோ இருக்கின்றன.

விஷயம் தெரியாமல் உள்ளே வந்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1985இல் பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மூன்று பையன்கள் ஆரம்பித்த புரோகிரசிவ் மெட்டல் (நீளமான, சிக்கலான தாளக்கட்டுள்ள ராக் வகை) பேண்ட் இது. கிட்டார் ஜான் பெட்ரூச்சி, பேஸ் ஜான் மயூங், டிரம்ஸ் மைக் போர்ட்னாய். முதலில் வைத்த பெயர் மெஜஸ்டி, பிறகுதான் ட்ரீம் தியேட்டர். 1992இல் வந்த 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பத்தில் 'புல் மீ அண்டர்' என்று ஒரு பாட்டு, எட்டு நிமிடம், ஆனாலும் எம்டிவியில் ஓடி ஹிட் ஆனது. அதற்குப் பிறகு அந்த அளவுக்கு ஒரு ஹிட் அவர்களுக்கு அமையவில்லை என்பதால் 2008இல் தொகுப்பு போட்டபோது 'கிரேட்டஸ்ட் ஹிட்' என்று ஒருமையில் பெயர் வைத்துத் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொண்டார்கள். பந்தா பார்ட்டிகள் இப்படிச் செய்வார்களா?

நீங்கள் பாதியில் விட்ட பாட்டு 1989இலேயே எழுதப்பட்டது. 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்'இல் சேர்க்கப் பார்த்தார்கள், ரெக்கார்டு கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மேடையில் அதைக் கேட்ட ரசிகர்கள் விடவில்லை, எப்போது பதிவு செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், கம்பெனிக்கு மனுவே போனது. கடைசியில் 1995இல் நியூயார்க் பக்கம் பேர்ட்ராக்ஸ் ஸ்டுடியோவில் பதிவு செய்து, லண்டன் ரோனி ஸ்காட்ஸ் ஜாஸ் கிளப்பில் மற்ற பேண்டுகளின் பாடல்களை வாசித்த கச்சேரிப் பதிவையும் சேர்த்து, செப்டம்பரில் ஈபி (ஆல்பத்தைவிடச் சின்ன வெளியீடு) என்று வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஓடுகிற ஈபி! அதற்குள் கீபோர்ட்காரரே மாறிவிட்டார், கெவின் மூர் போய் டெரிக் ஷெரினியன் வந்துவிட்டார். அந்தக் காலத்து ரசிகர்கள் ஆறு வருடம் காத்திருந்தார்கள், உங்களுக்கு நாலு நிமிடம் தாங்கவில்லை. சரி, கோபிக்காதீர்கள், சொல்லத் தோன்றியது.

இப்போது என் கதை. பர்ன் பண்ணிய சிடி ஹாஸ்டலில் ரூம் ரூமாகச் சுற்றிய காலம். நாங்கள் ஐந்து பேர், நான் டிரம்ஸ். வேறொரு கல்லூரி கல்சுரல்ஸில் பேண்ட் போட்டிக்குப் பெயர் கொடுத்தோம். ஒரு குழுவுக்கு இருபது நிமிடம், மேடையில் ஏறி வயர் குத்தி மைக் செக் பண்ணுவதும் அதற்குள்தான். வாசிக்கப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அப்படியென்றால் எட்டு நிமிடத்தை வெட்டியாக வேண்டும், எதை வெட்டுவது?

பேஸ் வாசித்தவன் எதையும் ஒழுங்காகச் செய்கிற ஆள். லேப் ரெக்கார்டில் இருந்து ஒரு கிராஃப் ஷீட்டைக் கிழித்தான். ஒரு நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்குப் போட்டு, நீளவாக்கில் கோடிழுத்து, பாட்டின் ஏழு பகுதிகளையும் பென்சிலில் குறித்தான். பிறகு மெஸ் மேஜையில் அதை வைத்து, பக்கத்தில் ஒரு கத்தரிக்கோலையும் வைத்துவிட்டு, "வெட்டுங்கடா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

அந்தத் தாளைப் பார்த்தால்தான் பாட்டின் அமைப்பே தெரிந்தது. ஏழில் மூன்று பகுதிகளில் பாடும் குரலே கிடையாது, முதலாவது, நாலாவது, ஆறாவது. பாடகன் உடனே கத்தரியை எடுத்தான், இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் கணக்கு சரியாகிவிடும், கூட்டத்துக்கும் போரடிக்காது என்றான். கிட்டார்காரன் எழுந்து நின்றுவிட்டான். "அப்போ நான் எதுக்குடா வர்றேன், ஸ்டாண்ட் புடிக்கவா?"

நான் நாலாவது பகுதிக்காகச் சண்டை போட்டேன். ஏன் என்று சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் அதுதான். இந்தப் பாட்டின் வரிகளை எழுதியவர் டிரம்மர் போர்ட்னாய். (டிரம்மர்களுக்குத் தட்ட மட்டும்தான் தெரியும் என்று நினைப்பவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.) அவருடைய அம்மா அவர் சின்ன வயதில் இருக்கும்போதே விமான விபத்தில் இறந்துபோனார். மூன்றாவது பகுதியான 'கார்பே டியம்'இல் அந்த வழியனுப்பல் வருகிறது. அம்மா கிளம்பத் தயாராகிறாள், பையன் பயத்தில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான், அவள் இருட்டில் நடந்து போகிறாள், கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள், அவன் விடை சொல்கிறான். சில வரிகள்தான், அழுகை ஒப்பாரி எதுவும் கிடையாது. அதற்கு அடுத்தது நாலாவது பகுதி, வார்த்தையே இல்லாத சுமார் மூன்று நிமிடம். செய்தி வந்து சேர்வது அங்கேதான் என்பது என் வாதம். டிரம்ஸ் எங்கேயும் ஒரு நடையில் நிற்காது, நீங்கள் தலையாட்ட ஆரம்பித்தால் அடுத்த சுற்றில் காலை வாரிவிடும். அதை வெட்டிவிட்டு நேராக ஐந்தாவதுக்குப் போனால் என்ன ஆகும்? அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து டீக்கடையில் உட்கார்ந்தது போல ஆகிவிடும். அப்படியொரு பாட்டை நான் வாசிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் பஞ்சாயத்து எப்படி முடிந்ததென்றால், நாலாவது தப்பியது. ஆறாவதில் பெரும்பகுதி போனது, ஐந்தாவது மொத்தமாகப் போனது, முதல் பகுதியில் பாதி போனது. ஐந்தாவது 'அனதர் வேர்ல்ட்' பாடகனுக்கு உயிர், அவன் அன்று ராத்திரி முழுக்க என்னுடன் பேசவில்லை. வெட்டிய துண்டுகளை மட்டும் பேஸ்காரன் தூக்கிப் போடாமல் பர்ஸில் வைத்துக்கொண்டான்.

மேடையில் என்ன நடந்தது? 'கார்பே டியம்' தொடங்கும் இடத்தில் எல்லாம் அடங்கி, கிட்டார் மட்டும் மெதுவாகப் போகும். தொகுத்து வழங்கிய பையன் அத்தோடு முடிந்தது என்று நினைத்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு நடு மேடைக்கு வந்து எல்லோரையும் கைதட்டச் சொல்லிவிட்டான். ஜனமும் தட்டியது. நான் குச்சியை ஆட்டி ஆட்டி அவனைப் போகச் சொல்கிறேன், அவன் நான் நன்றி சொல்கிறேன் என்று நினைத்துப் பதிலுக்குக் கையாட்டுகிறான். கிட்டார்காரன் நிறுத்தவே இல்லை, அதே நாலு ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே நின்றான், கடைசியில் யாரோ அந்தத் தொகுப்பாளன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் நாலாவது பகுதி. அதை நாங்கள் நன்றாகவே வாசித்தோம். இதை அடக்கத்துடன் எல்லாம் சொல்ல முடியாது, நன்றாக வாசித்தோம், அவ்வளவுதான்.

நடுவர் ஒருவர் மைக்கில் சொன்னார், "தம்பி, கை நல்லா பேசுது, ஆனா பாட்டு எங்கப்பா?" பரிசு யாருக்குப் போனது தெரியுமா? லேப்டாப்பில் ட்ராக் ஓடவிட்டு, அதன் மேலே ரெண்டு பேர் பாடி, மற்ற மூன்று பேர் வாத்தியத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு குதித்த குழுவுக்கு! அவர்களுடைய டிரம்மர் சிம்பலைத் தொடுவதற்கு முன்னாலேயே சிம்பல் சத்தம் வந்தது, நான் முதல் வரிசையில் இருந்து பார்த்தேன். பேண்ட் போட்டி என்று பெயர் வைத்துவிட்டு பென் டிரைவுக்குப் பரிசு கொடுப்பது எந்த ஊர் நியாயம்? இன்றைக்கும் கல்யாண ரிசப்ஷன்களில் இதே கதைதான், மேடையில் டிரம்ஸ் செட் இருக்கும், அதற்கு மைக்கே இருக்காது, கேட்டால் 'ஷோவுக்கு சார்' என்பார்கள். அன்று எங்களுக்குக் கொடுத்த வாடகை செட்டில் கிக் பெடலுக்கு ஸ்ப்ரிங் பாதிதான் வேலை செய்தது, ஹை-ஹாட் மூடவே மூடாது, அதற்குப் பங்கு போட்டு வாடகை வேறு கொடுத்திருந்தோம். நான் அந்த நடுவரின் ரசனையைக் குறை சொல்லவில்லை. அவருக்கு மூன்றரை நிமிடப் பாட்டுப் பழக்கம், அது ஒரு தனிக் கலை. ஆனால் வாசிக்காதவனுக்குப் பரிசு கொடுத்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, எங்கேயோ போய்விட்டேன்.

இதைப் படித்ததும் வரப்போகும் கமெண்டுகள் எனக்குத் தெரியும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். 'ராஜாவைவிட இவன்கள் பெரிய ஆளா' என்று ஒருவர் வருவார். நானும் ராஜா ரசிகன்தான், யாரையும் யாரோடும் ஒப்பிடவில்லை, தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். இன்னொருவர், 'நம்ம கச்சேரியில் ராகம் தானம் பல்லவி ஒரு மணி நேரம் போகும், இது என்ன பிரமாதம்' என்பார். அது அந்த மேடையில், அந்த நிமிடத்தில் விரிவது. இதில் ஒவ்வொரு அடியும் முன்கூட்டியே கட்டி வைத்தது, நாளைக்கு வாசித்தாலும் அதே இடத்தில் அதே அடி விழ வேண்டும். இரண்டும் வேறு வேறு கஷ்டம். நீளம் ஒன்றாக இருப்பதாலேயே இரண்டும் ஒன்றாகிவிடாது.

'பாடகர் லாப்ரி குரல் எனக்கு ஒத்துவரவில்லை' என்பவர்களிடம் மட்டும் கொஞ்சம் பொறுமை கேட்பேன். 1994 கடைசியில் கியூபாவுக்குப் போன இடத்தில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்ததில் ஜேம்ஸ் லாப்ரிக்குக் குரல் நாண் கிழிந்துபோனது. இந்தப் பாட்டைப் பாடியது அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான். அதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள், அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

'வெறும் வித்தை, உணர்ச்சி இல்லை' என்பவர்களுக்குக் கடைசிப் பகுதியைத்தான் காட்டுவேன். வித்தை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆறாவது பகுதியில் கொஞ்சம் கூடவே இருக்கிறது, அதில் ஒரு நிமிடத்தை வெட்டினால் பாட்டுக்கு நஷ்டம் இல்லை என்று இன்றும் நினைக்கிறேன், கிட்டார்காரன் இதைப் படிக்காமல் இருக்கக் கடவது. ஆனால் ஏழாவதில் அந்தப் பையன் வயசாளியாகிவிடுகிறான். தன் மகனோடு உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்க்கிறான், இப்போது விடை சொல்ல வேண்டியது இவன் முறை. தொடக்கத்தில் கேட்ட அதே கிட்டார் திரும்ப வந்து முடிகிறது. இதைப் பதிவு செய்தபோது போர்ட்னாய்க்கு இருபத்தெட்டு வயது, மகன் பிறக்கவே இல்லை. 1999இல்தான் மேக்ஸ் பிறந்தான், வளர்ந்து அவனும் டிரம்மர் ஆனான். 2010இல் போர்ட்னாய் பேண்டை விட்டுப் போய், 2023இல் திரும்பி வந்தார். அவர் இடத்தில் மைக் மங்கினி டிரம்மராக நடுவில் இருந்த வருடங்களைப் பற்றி நான் தப்பாக எதுவும் சொல்லமாட்டேன், அந்த மனிதரின் வாசிப்பில் ஒரு சின்னப் பிசிறுகூட இருக்காது, கிராமி வாங்கிய 'தி ஏலியன்' அவர் இருந்தபோது வந்ததுதான். ஆனால் இந்த ஒரு பாட்டு மட்டும் போர்ட்னாய் உட்கார்ந்து வாசிக்க வேண்டிய பாட்டு.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் இருந்து கேட்காதீர்கள். தீவிர ரசிகர்கள் அடிக்க வருவார்கள், பரவாயில்லை. ஏழாவது நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய், ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'கார்பே டியம்' கேளுங்கள், அங்கிருந்து நாலாவது பகுதி முடியும் வரை மட்டும். ஏதாவது ஒட்டினால் இன்னொரு நாள் முழுசாகக் கேட்கலாம். ஒட்டவில்லையா, பாட்டைக் கேட்டேன் என்று நண்பரிடம் சொல்லிவிடுங்கள், பாவம், ஆசையாக அனுப்பியிருப்பார்.

கீழே வந்து '2005இல் வந்த ஆக்டவேரியம்தான் இதைவிட மேல்' என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதுவும் இவர்களுடைய நீளப் பாட்டுதான், இன்னும் நேர்த்தியான பாட்டு, கீபோர்ட்காரர் ஜோர்டன் ரூடஸ் அதில் தொடக்கத்திலேயே ஆளைக் கட்டிப்போட்டுவிடுவார், ஒப்புக்கொள்கிறேன். நேர்த்திக்காக நான் இதைக் கேட்கவில்லை. அந்தச் சண்டைக்கென்று இந்தத் தளத்தில் தனிக் கேள்வியே இருக்கிறது, அங்கேயும் நான்தான் இருக்கிறேன், வாருங்கள்.