‘அடுத்த புதன்கிழமை வரேன் ஆயா’

முதியோர் மனநலத்துக்காக இயங்கும் தொண்டு நிறுவனங்களில் களப்பயிற்சி பெறும் மாணவர்கள் பற்றி, கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

வாரம் இரண்டு நாள் ஃபீல்டு ஒர்க். முதல் வாரமே ஜி.டி.எஸ்.-15 என்ற மனச்சோர்வுப் படிவத்தைக் கொடுத்து, பன்னிரண்டு பேரிடம் நிரப்பி வரச் சொன்னார்கள். எல்லோரும் ‘எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்’ என்கிறார்கள். மதிப்பெண் 1, 2 தாண்டவில்லை. முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே?
– எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி) முதலாண்டு மாணவி, லாஸ்பேட்டை

உங்கள் கண் சொல்வதை நம்புங்கள். முதல் வாரத்திலேயே படிவத்தைக் கையில் கொடுத்ததுதான் தவறு. தெரியாத பெண் பேனாவோடு எதிரே உட்கார்ந்தால், ஏதோ கணக்கெடுப்புக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். முதல் இரண்டு சந்திப்பில் காகிதத்தை வெளியே எடுக்காதீர்கள்.

மூன்றாம் முறை போகும்போது, ‘எந்தக் காது நல்லாக் கேக்கும்?’ என்று கேட்டு அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். டி.வி.யை நிறுத்தச் சொல்லுங்கள். கத்த வேண்டாம். முதுமையில் முதலில் கேட்காமல் போவது கீச்சுக்குரல்தான். கத்தும்போது நம் குரல் இன்னும் கீச்சென்று ஏறுகிறது. குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். சரியாகக் கேட்காதவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார்கள்; அதை நம்பி எழுதிய படிவம் வீண்.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். அடுக்களையில் மருமகள் இருக்கும்போது ‘சந்தோஷமா இருக்கீங்களா?’ என்றால் வேறென்ன பதில் வரும்? திண்ணைக்கோ கோயில் மண்டபத்துக்கோ அழைத்துப் போங்கள்.

படிவத்தின் 15 கேள்விகளும் கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை. பத்துக் கேள்விகளுக்கு ‘ஆம்’ என்றால் ஒரு மதிப்பெண். 1, 5, 7, 11, 13 ஆகிய ஐந்துக்கும் ‘இல்லை’ என்றால்தான் மதிப்பெண். கூட்டலில் பிழை வருவது பெரும்பாலும் இந்த ஐந்தில்தான். இன்னொரு சிக்கல் நம் பேச்சுத் தமிழில் இருக்கிறது. ‘சலிப்பா ஒண்ணும் இல்லையே?’ என்று கேட்டு ‘ஆமா’ என்று பதில் வந்தால், அது எந்த ‘ஆமா’? எப்போதும் நேராகக் கேளுங்கள்: ‘சலிப்பா இருக்கா?’

5 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். நோய் உறுதி என்று அர்த்தமில்லை. 5-க்குக் கீழே வந்தாலும் நீங்கள் பார்த்ததை எழுதி வையுங்கள். நம் பெரியவர்கள் துக்கத்தை உடம்பு வழியாகத்தான் சொல்வார்கள்: ‘நெஞ்சு படபடங்குது’, ‘சோறு எறங்கல’, ‘உடம்பெல்லாம் ஒரே வலி’. அந்த வார்த்தைகளை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 குறைவு ஆகியவையும் இதே சோர்வைக் கொடுக்கும் என்பதால், கடைசியாக எப்போது ரத்தம் பரிசோதித்தார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

எங்களைக் கவுன்சலிங் செய்ய விடுவதில்லை. கூடப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவதில் என்ன பயன்?
– உளவியல் இளங்கலை மாணவர், சிதம்பரம்

விடாதது சரியே. ஆனால் பயன் நிறைய இருக்கிறது. கோவாவில் லேசான மனச்சோர்வு அறிகுறி உள்ள, 60 வயது தாண்டிய 181 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2019-இல் வெளியாயின. மனநலப் பட்டம் பெறாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் அன்றாடச் சிக்கல்களைத் தீர்க்கவும் தூக்கத்தைச் சீராக்கவும் உதவினார்கள். அந்த உதவி கிடைத்தவர்களில் பெரும் மனச்சோர்வுக்குப் போனவர்கள் குறைவு. பயிற்சியும் மேற்பார்வையும் இருந்ததால்தான் அது நடந்தது.

நீங்கள் தூக்கத்திலிருந்து தொடங்கலாம். ‘ராத்திரி தூக்கமே இல்ல’ என்பவர் எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்று கேளுங்கள். ஏழரைக்குப் படுத்து இரண்டு மணிக்கு விழிக்கிறார் என்றால், ஆறரை மணி நேரத் தூக்கம் முடிந்துவிட்டது. மதியம் எவ்வளவு நேரம் தூங்குகிறார், கடைசி டீ எத்தனை மணிக்கு என்றும் ஒரு வாரத்துக்குக் குறித்து சூப்பர்வைசரிடம் காட்டுங்கள். மதியத் தூக்கத்தை அரை மணியாகக் குறைத்து, படுக்கையை ஒன்பதரைக்குத் தள்ளினாலே பலருக்கு விடியும்வரை தூக்கம் வரும். தூக்க மாத்திரையை நிறுத்துங்கள் என்று மட்டும் நீங்கள் சொல்லக் கூடாது. திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

ஒரு தாத்தா ‘நான் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம், போய்ச் சேர்ந்தா தேவல’ என்றார். எல்லாப் பெரியவர்களும் சொல்வதுதானே என்று விட்டுவிடலாமா?
– மாணவி, கடலூர்

விடக் கூடாது. வயதானவர்கள் சாவைப் பற்றிப் பேசுவது சகஜம்தான். ஆனால் எது சகஜம், எது இல்லை என்பதைக் கேட்டால்தான் தெரியும். ‘தாத்தா, உசுர மாய்ச்சிக்கணும்னு எண்ணம் வருதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது; கேட்க ஒருவர் கிடைத்தாரே என்ற ஆறுதல்தான் வரும். ‘வருது’ என்றால், எப்போதிலிருந்து, ஏதாவது முடிவு செய்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

‘யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அவரைத் தனியே விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். அங்கிருந்தே சூப்பர்வைசரை அழையுங்கள். மாலை அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தையும் மிச்ச மாத்திரைகளையும் குடும்பத்தார் பூட்டி வைக்க வேண்டும். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் 14416 இரவு பகலாக, தமிழிலும் கிடைக்கும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, புதுவை ஜிப்மர் இரண்டிலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு வீடு திரும்பிய பிறகு உங்களுக்கும் பேச ஆள் வேண்டும். அதற்கும் சூப்பர்வைசரையே அழையுங்கள்.

எங்கள் நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் ஐந்தாறு மாணவர்கள் வருகிறார்கள். அவர்கள் போன பிறகு பெரியவர்கள் முன்பைவிட வாடிப்போகிறார்கள். மாணவர்களையே எடுக்காமல் விடலாமா?
– ஒருங்கிணைப்பாளர், கடலூர் ஓ.டி.

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. பல இடங்களில் இதை யாரும் கவனிப்பதே இல்லை. கணவனை இழந்து, பிள்ளைகள் வெளியூர் போய், சேக்காளிகள் ஒவ்வொருவராய்ப் போன ஓர் ஆயாவுக்கு, வாராவாரம் வந்த பெண் திடீரென்று நின்றுபோவதும் ஓர் இழப்புதான். அதை மாற்றலாம், மாணவர்களை நிறுத்த வேண்டாம்.

ஒரு மாணவருக்கு நான்கு பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். முதல் நாளே, ‘பங்குனி வரைக்கும் வருவேன், அப்புறம் எனக்குப் பரீட்சை’ என்று சொல்ல வையுங்கள். வீட்டு நாள்காட்டியில் வரும் நாள்களை எல்லாம் வட்டம் போடச் சொல்லுங்கள். கடைசி நாளுக்கு வேறு நிற வட்டம். தீபாவளி, பொங்கல், செமஸ்டர் விடுமுறைகளை முன்கூட்டியே அதில் அடித்துவிடுங்கள். வருவதாகச் சொன்ன புதன்கிழமை வராமல் போவது, சொல்லிவிட்டு நின்றுபோவதைவிட மோசம். வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருப்பார்கள்.

கடைசி மூன்று சந்திப்புகளிலும் உங்கள் நிரந்தர ஊழியரோ அடுத்த மாணவரோ கூடப் போக வேண்டும். இரண்டு கல்லூரிகளிலிருந்து வெவ்வேறு மாதங்களில் மாணவர்களை எடுத்தால் இது சுலபம். மாணவர் தன் சொந்த எண்ணைக் கொடுக்க வேண்டாம். அலுவலக எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும்.

நம் கரையோரத்துக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் செமஸ்டரும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வருகின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமியையும், 2011 டிசம்பர் 30 தானே புயலையும் பார்த்தவர்கள் தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் இருக்கிறார்கள். காற்று எழும்பினாலே சிலருக்குத் தூக்கம் போய்விடும். புயல் எச்சரிக்கை வந்தால் மாணவர்கள் நேரில் போகக் கூடாது. ஆனால் அன்று காலையும் மாலையும் ஒவ்வொருவருக்கும் போன் போக வேண்டும். மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது, எந்த முகாமுக்கு யார் அழைத்துப்போவார்கள் என்பதை ஐப்பசி பிறக்கும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள்.

74 வயது அம்மா இரண்டு நாளாக, இறந்துபோன அப்பாவோடு பேசுகிறார். வீட்டுக்கு வரும் மாணவர் ‘டிமென்ஷியாவா இருக்கலாம்’ என்கிறார்.
– மகன், முத்தியால்பேட்டை

இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். டிமென்ஷியா என்னும் மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வரும். ஓரிரு நாளில் வரும் குழப்பம் பெரும்பாலும் டெலிரியம்: சிறுநீர்த் தொற்று, நீர் வறட்சி, மலச்சிக்கல், சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நோயின் பெயர் சொல்வது மாணவர் வேலையல்ல. ‘இரண்டு நாளில் மாறிவிட்டார்’ என்று கவனித்துச் சொல்வதுதான் அவர் வேலை.

கல்லூரி அறிக்கைக்குப் பெரியவர்களோடு எடுத்த போட்டோ கேட்கிறார்கள். எடுக்கலாமா?
– மாணவர், நெல்லிக்குப்பம்

வேண்டாம். மனநல உதவி பெறுபவரின் அந்தரங்கத்தை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அறிக்கையில் பெயர், தெரு, பிள்ளைகளின் வேலை எதுவும் வரக் கூடாது. ‘ஆயா 1’, ‘தாத்தா 3’ போதும். வருகைக்கு ஆதாரம் கேட்டால், நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டில் சூப்பர்வைசர் கையெழுத்திட்ட நகலைக் கொடுங்கள்.