அதே 32 பவுன், மூன்று மடங்கு கடன்

கேள்வி: வயது 44. திருச்சியில் மத்திய அரசுப் பணி. பிடித்தம் போகக் கைக்கு 78,000 ரூபாய் வருகிறது. விடுமுறை நாட்களில் மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிக்கிறேன். அதில் மாதம் சுமார் 9,000 ரூபாய் கிடைக்கும். 1964-ல் செய்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதார் ஒன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்திருக்கிறது. மறுபெயின்ட் அடித்தது, பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சார ஒலியாக்கும் பாகம்) மாற்றியது என்பதால் 11,000 டாலர்தான் கேட்கிறார்கள். அங்கே இருக்கும் என் சித்தப்பா மகன் வாங்கிக் கையோடு கொண்டுவருகிறேன் என்கிறான். 32 பவுன் நகையின் பேரில் ஏற்கெனவே 6.5 லட்சம் கடன் இருக்கிறது. தங்கம் விலை ஏறிவிட்டதால் அதே நகைக்கு இன்னும் 10 லட்சம் தரலாம் என்று வங்கியில் சொல்கிறார்கள். பழைய கிதாரின் விலை ஏறிக்கொண்டேதான் போகும், பிறகு விற்றுக் கடனை அடைக்கலாம் என்று நினைக்கிறேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. பத்து வயதில் திருவிழா மேடையில் பார்த்ததிலிருந்து இந்தக் கிதாருக்காக ஏங்குகிறேன். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் கிதாருக்கு நான்கு பக்கம், நகைக்கடனுக்கு நான்கு வரி. அந்த நான்கு வரியையும் நீங்கள் இணைத்திருந்த அடகுச் சீட்டு நகல்களையும்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

2019-ல் அம்மாவின் மூட்டு அறுவைச் சிகிச்சைக்காக 2 லட்சம். அவசரத்துக்கு வைத்தது, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. 2021-ல் அதை மீட்காமல் மாற்றி வைத்து 3.5 லட்சமாக்கினீர்கள், கூடுதலாக வந்தது ஆம்ப்ளிஃபயருக்குப் போனது. 2023-ல் மறுபடியும் மாற்றி வைத்து 6.5 லட்சம், 2 லட்சம் மைத்துனரின் கடைக்கு, மீதி ஜப்பானில் செய்த ஒரு கிதாருக்கு. ஒவ்வொரு முறையும் வட்டியை மட்டும் கட்டியிருக்கிறீர்கள். 9.5 சதவீதத்தில் தோராயமாகக் கணக்கிட்டால், முதல் இரண்டு ஆண்டுகளில் 38,000, அடுத்த இரண்டில் 66,500, கடைசி இரண்டில் 1,23,500. மொத்தம் 2.28 லட்சம். அம்மாவின் சிகிச்சைக்கு வாங்கிய தொகையைவிட அதிகமாக வட்டியாகவே கட்டி முடித்துவிட்டீர்கள். அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை.

உங்களைக் கெடுப்பது கிதார் ஆசை அல்ல, இந்த மாற்றி வைக்கும் பழக்கம்தான். தங்கம் விலை ஏறும்போதெல்லாம் வீட்டுக்கு வரவு வந்துவிட்டதாக நினைக்கிறீர்கள். நகையின் எடை ஒரு குன்றிமணி கூடவில்லை. அதன் பேரில் இருக்கும் கடன்தான் மூன்று மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது. இப்போது இன்னும் 10 லட்சம் வாங்கினால் மொத்தக் கடன் 16.5 லட்சம். ஆண்டு வட்டி 1,56,750, மாதத்துக்கு 13,000. சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு வட்டிக்கே போகும். 5 லட்சத்துக்கு மேற்பட்ட நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 75 சதவீதம்தான் உச்சவரம்பு. அந்த உச்சத்தைத் தொட்டுக் கடன் வாங்கியவருக்கு, விலை இறங்கும்போது மூச்சுவிட இடமிருக்காது. தங்கம் இறங்காது என்று சொல்லாதீர்கள். 2013-ல் உலகச் சந்தையில் டாலர் கணக்கில் ஒரே ஆண்டில் கால் பங்குக்கு மேல் விழுந்தது.

இனி கிதாருக்கு வருகிறேன். டாலர் 88 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 11,000 டாலர் என்பது 9.68 லட்சம். சித்தப்பா மகன் கையில் கொண்டுவந்தாலும் சுங்கவரி உண்டு. வரிகளுக்கு உத்தேசமாக 30 சதவீதம் ஒதுக்கினால் 12.6 லட்சம் ஆகிவிடும். நீங்கள் கேட்கும் 10 லட்சம் போதவே போதாது. ஐந்தாண்டு வட்டியையும் சேர்த்தால் 18.6 லட்சம். அதாவது இன்று 11,000 டாலர் பெறும் கிதார், ஐந்தாண்டில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலைக்குப் போனால்தான் உங்கள் கைக்காசு போகாமல் இருக்கும். அந்த விலை கொடுப்பவரைத் திருச்சியில் தேட முடியாது. மறுபடியும் அமெரிக்காவுக்கோ ஜப்பானுக்கோ அனுப்பி, கமிஷன் கொடுத்துத்தான் விற்க வேண்டும்.

பழைய ஃபெண்டருக்கு ஏன் இந்த மதிப்பு என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தன் நிறுவனத்தை சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விற்றார், அதற்கு முன் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் செய்யப்பட்டவற்றைச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். ஆனால் அவர்கள் தேடுவது கை படாத கிதாரை: முதலில் அடித்த பெயின்ட், ஒயர்களுக்கு முதலில் வைத்த ஈயப்பற்று (சால்டரிங்), அன்றைய பிக்கப். உங்களுக்கு வருவதில் பெயின்டும் இல்லை, பிக்கப்பும் இல்லை. அது வாசிக்க அருமையான கிதாராக இருக்கலாம். சேகரிப்பாளர் விலை அதன் பின்னால் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

நீங்கள் அனுப்பிய அந்த 'மாற்று முதலீடு' வீடியோவையும் பார்த்தேன். பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் கிதார் கலைஞர் டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2019-ல் நியூயார்க் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 39.75 லட்சம் டாலருக்குப் போனதைக் காட்டி ஆசை மூட்டுகிறார்கள். கில்மர் வாசித்தார் என்பதற்காகக் கொடுத்த விலை அது. 2008 நெருக்கடிக்குப் பிறகு பழைய கிதார்களின் விலை சரிந்ததை வீடியோவில் ஏனோ சொல்லவில்லை. கடன் வாங்காமல், மிஞ்சிய பணத்தில் வாங்கி வைத்திருந்தவர்கள் அந்தக் காலத்தில் விற்காமல் காத்திருக்க முடிந்தது. வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது உங்களால் காத்திருக்க முடியுமா?

இன்னொரு சிக்கல். அந்தக் காலத்து ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஃபிங்கர்போர்டு (கம்பிகளை விரலால் அழுத்தும் பலகை) ரோஸ்வுட்டாக இருந்தால், அது பெரும்பாலும் பிரேசில் நாட்டு மரம். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்ஸ்' உடன்படிக்கையில் 1992 முதல் அது மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. 2019-ல் மற்ற ரோஸ்வுட் வகைகளால் செய்த இசைக் கருவிகளுக்குக் கொடுத்த தளர்வு இதற்குக் கிடையாது. உரிய சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தில் இறங்கினால் கிதாரும் போகும், பணமும் போகும். உங்கள் தம்பியை அந்த நிலையில் நிறுத்தாதீர்கள்.

என்னை அதிகம் உறுத்தியது "மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை" என்ற வரி. அந்த 32 பவுனும் அவர் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சீதனம் மனைவிக்கே உரியது, கணவருக்கு அதில் பங்கு இல்லை, நெருக்கடியில் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரவேண்டும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு இல்லாவிட்டாலும் அது அவருடைய நகைதான். ஆறு ஆண்டுகளாக அவர் கழுத்தில் இல்லாத நகை.

தங்கம் ஏறியிருப்பதை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். 32 பவுனுக்கு 16.5 லட்சம் தருகிறோம் என்றால், பவுனுக்கு 51,500 என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் உங்கள் 6.5 லட்சத்துக்கு 13 பவுன் இருந்தாலே போதும். விலை இறங்கினாலும் தாங்குவதற்காக 18 பவுனை வங்கியில் விடுங்கள். வட்டியைக் கட்டிப் பழைய கடனை முடித்து, அந்த 18 பவுனுக்கு மட்டும் புதுக் கடன் போட்டுத் தரச் சொல்லுங்கள். 14 பவுன் வீட்டுக்கு வந்துவிடும். அந்த 18 பவுனையும் ஒரே சீட்டாக வைக்காமல் இரண்டு மூன்று சீட்டுகளாகப் பிரித்து வையுங்கள். பணம் சேரச் சேர ஒவ்வொன்றாக மீட்கலாம்.

பணம் எங்கிருந்து வரும்? கச்சேரி வருமானம் 9,000 முழுக்கக் கடனுக்கு. பாதுகாப்புத் துறைப் பங்குகளை வாங்கும் மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 6,000 எஸ்.ஐ.பி. (மாதத் தவணை முதலீடு) போடுகிறீர்களே, அதை நிறுத்துங்கள். எந்தத் துறை பேச்சில் அடிபடுகிறதோ அந்தத் துறைக்கு ஒரு ஃபண்ட் வருவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அதில் என்ன கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. கடனை அடைத்தால் 9.5 சதவீதம் மிச்சம் என்பது உறுதி. இப்போது வட்டிக்கே மாதம் 5,000 செலவாகிறது. மூன்றும் சேர்ந்தால் 20,000. இதை மாதாமாதம் கட்டினால் 38 மாதங்களில் கடன் முடியும். வட்டி ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். மைத்துனர் கடை நடக்கிறது என்கிறீர்கள். அவரிடம் மாதம் 5,000 கேளுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேளுங்கள். அது வந்தால் இன்னும் சீக்கிரம் முடியும்.

பத்து வயதிலிருந்து இருக்கும் ஏக்கத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நகை முழுதும் மீண்ட பிறகு அதே 20,000-ஐ ஒன்றரை ஆண்டு சேர்த்தால் 3.6 லட்சம். 1961-ன் ஸ்ட்ராட்டோகாஸ்டரை அப்படியே பின்பற்றி ஃபெண்டர் நிறுவனமே 2022 முதல் புதிதாகச் செய்துவருகிறது; அமெரிக்காவில் அதன் விலை, நீங்கள் சொல்லும் 11,000 டாலரில் கால் பங்குகூட வராது. அப்போது கடை பில்லோடு, கடனில்லாமல் வாங்கி வாசியுங்கள்.

இந்த வாரம் வங்கிக்குப் போகும்போது மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். எந்த 14 பவுன் வீட்டுக்கு வர வேண்டும் என்பதை அவரே எடுத்துக் கொடுக்கட்டும்.