வலையில் வேளா மாட்டினால் வியாபாரியிடம் யோசனை கேட்காதீர்கள்

கொள்ளிடம் முகத்துவாரத்தில் வலை போடும் வாசகர் ஒருவர் கேட்கிறார் (வேளா என்பது ரம்பம் போல இருபக்கமும் பல் வைத்த நீளக் கொம்புள்ள மீன்): "செவுள்வலையில் வேளாக் குட்டி ஒன்று மாட்டிச் செத்துவிட்டது. செத்த மீனுக்குச் சட்டம் கிடையாது, கொம்பையும் செட்டையையும் கொடு என்கிறார் வியாபாரி. கொடுக்கலாமா? இனி உயிரோடு மாட்டினால் எப்படி விடுவது? தாத்தா காலத்துக் கொம்பு ஒன்றும் வீட்டில் கிடக்கிறது, அதனால் வம்பு வருமா?"

கொடுக்கவே கொடுக்காதீர்கள். வேளா 2001-லேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போய்விட்டது. புலி இருக்கும் அதே அட்டவணை. உயிரோ பிணமோ, கொம்போ கருவாடோ, விற்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். "செத்ததுதானே" என்று சொல்லும் ஆளைக் கவனியுங்கள். சோதனை வரும்போது சரக்கு உங்கள் படகில் இருக்கும், அவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. "பேப்பர் எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்பார். அப்படி ஒரு பேப்பரே கிடையாது ஐயா. செத்ததை வெட்டாமல் அப்படியே வைத்து வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

உயிரோடு மாட்டினால், படகுக்குள் இழுக்காமல் தண்ணீரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அது கொம்பைப் பக்கவாட்டில் வீசும், தொடை கிழிந்துவிடும், அதனால் வால் பக்கமாக நின்று, கொம்பின் நீளத்துக்கு ஒவ்வொரு கண்ணியாக அறுத்துக்கொண்டே போங்கள். பல்லில் சுற்றிய நூல் மிச்சம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். செவுளில் கை வைக்கக் கூடாது. வலையைக் காப்பாற்றக் கொம்பை ஒடிப்பவர்கள் உண்டு. ஒடிந்தது முளைக்காது, இரை தேடுவதே அதை வைத்துத்தான். முகத்துவாரத்தில் குட்டிகள் மாட்டுவதற்குக் காரணம், ஆழமில்லாத உப்பங்கழியில்தான் அவை வளர்கின்றன. கொம்பில் பல் இருப்பதால் மடவை மீனுக்குப் போட்ட வலையிலும் சிக்கும்.

தாத்தாவின் கொம்புக்கு வருவோம், இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். வாரிசாக வந்த பொருளை வைத்திருக்கச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் கைக்கு வந்த 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். தாத்தா காலத்திலேயே யாரும் தெரிவிக்கவில்லையே என்றால், 2003-இல் அதற்காகவே 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள், அது எந்தக் குப்பத்துக்கு வந்து சேர்ந்தது என்று கேட்காதீர்கள், எனக்கு எரிச்சல்தான் வரும். இப்போது ஒரு வக்கீலை வைத்து எழுத்தில் தெரிவித்து ஒப்படைப்பதே உத்தமம். கோயிலுக்குக் கொடுத்துவிடலாமே என்று ஊரில் சொல்வார்கள்; உரிமைச் சான்று இல்லாத பொருளை யாருக்கு மாற்றினாலும் சிக்கல் கூடவே போகும். பழசு என்று காட்டி விற்பது இன்னும் மோசம், புதுக் கொம்பைப் புகைபோட்டுப் பழசாக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அறுத்த வலைக்கு யார் காசு தருவது? மகாராஷ்டிரத்தில் 2018 முதல் இப்படி விடுவித்தவருக்கு 25,000 ரூபாய் வரை தருகிறார்கள். அதை எல்லாக் கரையிலும் செய்தால் வியாபாரிக்கு வேலையே இருக்காது. இங்கே படகுக்கு மீன்வளத்துறை, மீனுக்கு வனத்துறை, இரண்டு மேசைக்கும் நடுவில் நீங்கள். அறுபட்ட வலையையும் விட்ட மீனையும் தேதியோடு படம் எடுத்து இரண்டு இடத்திலும் மனு கொடுங்கள், நகலில் சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.