டெல்ஃபீஸ் காட்டும் தடத்தை நம்பலாமா?

கேள்வி: முதுகலை இயற்பியல் படிக்கிறேன். புராஜெக்டுக்கு டெல்ஃபீஸ் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள் (துகள் மோதல்களை டிடெக்டர் எப்படிப் பதியும் என்று வேகமாகக் கணிக்கும் நிரல்). ஜியான்ட்4 என்ற விரிவான நிரல் மாதிரி இது டிடெக்டரின் ஒவ்வொரு அடுக்கிலும் துகளை நடத்திப் பார்ப்பதில்லையாமே, அப்படியானால் இதில் வரும் டிராக், அதாவது துகள் போன தடம், எங்கிருந்து வருகிறது? நம்பலாமா?
– வாசகி ஒருவர்

பதில்: எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து, நம்பலாம்.

ஜியான்ட்4 துகளைச் சின்னச் சின்ன அடியாக நகர்த்தி, எவ்வளவு ஆற்றலை இழந்தது, எந்தப் பக்கம் சிதறியது என்று அடிக்கு அடி கணக்குப் போடும். பதிந்த புள்ளிகளைக் கோத்துத் தடமாக்க அப்புறம் வேறொரு நிரல் வேண்டும். டெல்ஃபீஸ் இரண்டையுமே செய்வதில்லை. மோதும் துகள் கற்றைக்கு இணையாகச் சீரான காந்தப்புலம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் மின்னூட்டமுள்ள துகள் சுருள் பாதையில் போகும், அதைச் சொல்ல ஐந்து எண்கள் போதும்: வளைவு, இரண்டு கோணங்கள், கற்றை அச்சிலிருந்து விலகிய தூரம், அச்சின் நீளத்தில் அது இருக்கும் இடம். சிஎம்எஸ் டிடெக்டரின் 3.8 டெஸ்லா புலத்தில் 1 ஜிஇவி (துகள் இயற்பியலில் ஆற்றல், உந்தத்தின் அலகு) குறுக்கு உந்தமுள்ள, அதாவது கற்றைக்குச் செங்குத்தாக அவ்வளவு உந்தமுள்ள, துகளின் பாதை ஆரம் சுமார் 88 செ.மீ. அரை ஜிஇவி என்றால் அதில் பாதிதான், சுற்றிலும் உள்ள கலோரிமீட்டரை (ஆற்றலை அளக்கும் பகுதி) எட்டாமல் உள்ளேயே சுற்றும்.

இதுவரை எல்லாம் துல்லியம். டிடெக்டரின் குறைகள் இதற்குப் பிறகுதான் வருகின்றன. இந்தத் தடம் கண்ணில் பட்டதா இல்லையா என்பதை உந்தத்தையும் கோணத்தையும் பொறுத்த ஒரு நிகழ்தகவு முடிவு செய்யும், கண்ணில் பட்டவற்றின் உந்தத்தைத் தற்செயலாகக் கொஞ்சம் மாற்றிக் கலைத்துவிடுவார்கள். 1 மீட்டர் நீளமுள்ள 100 ஜிஇவி தடம், அதன் இரு முனைகளை இணைக்கும் நேர்கோட்டிலிருந்து நடுவில் 1.4 மி.மீ. அளவுக்குத்தான் விலகுகிறது, அதனால் உந்தம் கூடக்கூடப் பிழையும் கூடும். குறைந்த உந்தத்தில் பொருளில் ஏற்படும் சிதறல்தான் பிழையைத் தீர்மானிக்கிறது.

பலர் சறுக்குவது ஐந்து எண்களையும் தனித்தனியாகக் கலைப்பதில். நிஜத்தில் ஐந்தும் அதே சில புள்ளிகளிலிருந்து வருபவை, வளைவைத் தப்பாக எடுத்தால் கற்றையருகே விலகலும் சேர்ந்தே தப்பாகும். பாட்டம் குவார்க் சிதைவு போன்ற ஆய்வுக்கு அந்த விலகல்தான் உயிர்நாடி. சரி, என்ன செய்வது? டெல்ஃபீஸில் டிராக்கோவேரியன்ஸ் என்ற பகுதி இருக்கிறது. அடுக்குகளின் இடம், தடிமன், துல்லியம் ஆகியவற்றைக் கொடுத்தால் ஐந்தின் பிழைகளையும் ஒன்றுக்கொன்று உள்ள தொடர்போடு கணக்கிட்டுத் தரும். அதையே பயன்படுத்துங்கள்.

புள்ளிகளைத் தப்பாகக் கோத்ததால் உருவாகும் போலித் தடங்கள் மட்டும் இதில் தாமாக வராது. உங்கள் ஆய்வு அவற்றை நம்பியிருந்தால் ஜியான்ட்4-க்கும் புள்ளிகளைக் கோக்கும் நிரலுக்கும் போய்விடுங்கள், இல்லையென்றால் டெல்ஃபீஸின் அமைப்புகள் எழுதப்பட்ட கார்டு கோப்பைத் திறந்து அந்த நிகழ்தகவுச் சூத்திரத்தை சோதனைக் குழு வெளியிட்ட வரைபடத்தோடு ஒப்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.